ஆனி கடைசி வரை

என் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது என்றால் போட்டோவைக் காட்டச் சொல்வேன். இதற்காகத் தெருவில் என்னை என்னவெல்லாம் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று இந்த வீட்டைக் காப்பாற்றுகிறவள் நான். எறையூர் சர்க்கரை ஆலை ஆபீசில் உட்கார்ந்து கரும்புக்காரர்களோடு மல்லுக்கட்டியே வாய் நீண்டுவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, வாய்க்குக் கிடைக்கவில்லை. சம்பூர்ணம் வாயைத் திறந்தால் பெரம்பலூர் நாலு ரோடு வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

மலர்கொடியும் மணிவண்ணனும் போன ஆவணியில் வந்து நின்றபோதும் அதையேதான் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குனியவில்லை.

"கல்யாணம் ஆகலைங்கம்மா. ஆனா எழுத்து இருக்கு."

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள். உள்ளே முத்திரைத்தாள். 'சேர்ந்து வாழும் ஒப்பந்தம்' என்று மேலே தடித்த எழுத்தில் அடித்திருந்தது. வீட்டுக்கு, நிலத்துக்கு, கரும்புக்கு, மாட்டுக்குக்கூட எழுதி வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க எழுதிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர்களை வெயிலிலேயே நிற்க வைத்துப் படித்தேன்.

இருவரும் வயது வந்தவர்கள், சுய விருப்பத்தில் சேர்ந்து வாழ்கிறார்கள். வீட்டுச் செலவு ஆளுக்குப் பாதி. அவரவர் சம்பளம் அவரவருக்கு. யாரும் யார் மீதும் கை ஓங்கக் கூடாது. அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். என் கழுத்தில் தாலி ஏறியபோது இப்படி ஒரு வரியை யாரும் எனக்காக எழுதி வாங்கவில்லை. அடுத்த வரி, பெண்ணின் வீட்டார் எந்த இடையூறும் செய்யக் கூடாது. அதற்கடுத்தது, ஒப்பந்த காலம் முடியும்வரை தாலி கட்டுவதோ பதிவு செய்வதோ பெரம்பலூரை விட்டுப் போவதோ கூடாது. காலம், ஆவணி ஒன்றாம் தேதி முதல் ஆனி கடைசி வரை. அடியில் சாட்சிக் கையெழுத்து. செல்லமுத்து, பெண்ணின் தகப்பனார், உடையார்பாளையம்.

"உங்கப்பாவே கையெழுத்துப் போட்டிருக்காரா?" என்றேன்.

"அவர் சொல்லித்தாங்கம்மா எழுதினதே."

பெற்றவரே சம்மதித்த பிறகு எனக்கென்ன வந்தது? சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு பேருக்கும் இங்கே ஒரு தனியார் கல்லூரியில் வேலை. அவள் பீஸ் கவுண்டரில் இருந்தாள். அவன் கல்லூரி பஸ்களுக்கு மெக்கானிக். சாயங்காலம் வந்து கிரீஸ் கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு அவனே சோறு வடிப்பான். அதையும் பாதி பாதி என்று எழுதியிருந்தார்களோ என்னவோ. நல்ல பையன். பேசவே மாட்டான், நான் பேசினால் சிரிப்பான்.

பழகப் பழக மலர்கொடி கதையைச் சொன்னாள். உடையார்பாளையத்துக்குத் தெற்கே செல்லமுத்துவுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கக் கூலிக்குப் போனவள் மணிவண்ணனின் அம்மா ரெங்கம்மாள். மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வரியே போதும், வெட்டுக்குத்து வரைக்கும் போகும்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தாம்மா கிளம்பினேன். அப்பா ஒண்ணும் பேசலை. மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. எங்க சித்தப்பா, மாமா எல்லாம் மண்ணை வாரித் தூத்துறாங்க. அப்பா மட்டும் பெஞ்சில உக்காந்து யோசிச்சிக்கிட்டே இருந்தாரு. அப்பறம் எழுந்திரிச்சு சொன்னாரு. சின்னவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். இவ கழுத்துல அவன் கட்டின தாலி ஏறிட்டா ஒருத்தனும் என் வாசல மிதிக்க மாட்டான். தாலி இல்லாம இருந்துட்டுப் போகட்டும், வெளியூர்ல வேலை பாக்குறான்னு நான் சொல்லிக்கிறேன். ஆனி கடைசி வரைக்கும்னு எழுதிக்குவோம். அதுவரைக்கும் நானும் தொந்தரவு பண்ண மாட்டேன், என் ஆளுங்களும் பண்ண மாட்டாங்க. அவ்வளவுதாம்மா. ஸ்டேஷன்ல எல்லாரும், இப்படி ஒரு தகப்பன் உண்டான்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க."

"அவர் பேச்சை நம்பிட்டியா?"

"பேச்சை இல்லம்மா, கையெழுத்தை. எங்கப்பா கையெழுத்துப் போட்டு மாறினதே கிடையாது. ஒரு வருஷம் தோப்பைக் குத்தகைக்கு விட்டப்பறம் முந்திரி விலை தாறுமாறா ஏறிப்போச்சு. சுத்துப்பட்டுல எல்லாரும் குத்தகைய உடைச்சாங்க. அவர் உடைக்கலை. எங்கம்மா கத்துனாங்க, அசையவே இல்லை. நானும் அவர் பொண்ணுதான். நான் மாறாத வரைக்கும் அவரும் மாற மாட்டாரு."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. வீட்டை விட்டு வந்த பெண் தகப்பனைப் பற்றி அப்படிப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

செல்லமுத்து முதல் தடவை வந்தது ஐப்பசியில். மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை வறுத்த முந்திரி. என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "நல்லாருக்கீங்களா தங்கச்சி, புள்ளைய உங்க நெழல்ல விட்டிருக்கேன்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தரமாவது வந்துவிடுவார். மாடிக்குப் போவார், கூடத்து நாற்காலியில் உட்கார்வார், மகளைப் பார்ப்பார். மணிவண்ணன் இருந்தால் அவன் நிற்கிற பக்கம் கண்ணே போகாது. திட்டவும் மாட்டார். அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. மகள் டம்ளரில் கொண்டுவந்து வைப்பாள், அது வைத்தபடியே இருக்கும். கீழே வந்து என்னிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். ஊர் வழக்கம் உடம்பில் ஊறியது, ஒரே நாளில் போகுமா என்று நானும் விட்டுவிட்டேன்.

மோர் குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். கேட்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனமான இரும்பு" என்பார். மாடி ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும், பின்னாலே வழி உண்டா, அந்தச் சந்து எங்கே போய் ஏறும், எல்லாம் கேட்டார். கட்டிய வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். கொல்லைக் கதவைத் திறந்து சந்தையே காட்டினேன். "பாதுகாப்பான வூடு" என்று தலையை ஆட்டினார்.

மாசியில் மலர்கொடி முழுகாமல் இருக்கிற விஷயம் தெரிந்தது. நானும் அவளும் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் தேவயானி டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தோம். மணிவண்ணன் அன்றைக்குத்தான் வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினான். பங்குனியில் செல்லமுத்து வந்தார். மகள் வயிற்றைப் பார்த்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. விரலை மடக்கி எண்ணினார்.

"மார்கழியிலயா?"

"ஆமாப்பா."

"ஆனி முடிஞ்சா ஏழு."

அவ்வளவுதான் கேட்டார். வளைகாப்புக்குக் கணக்குப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

வைகாசியில் சின்னவள் பூங்குழலிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மீன்சுருட்டிக்காரர், நெல் வியாபாரம். அக்காவுக்கு அழைப்பில்லை, பத்திரிகையில் பெயரும் இல்லை. யாரோ அனுப்பிய போட்டோக்களை மலர்கொடி என் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அழுதாள், பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சின்னவ கரை ஏறிட்டாம்மா. இனிமே அப்பாவுக்கு ஒரு தடையும் இல்லை. ஆனி முடியட்டும், அவரே தாலி எடுத்துக் குடுப்பாரு பாருங்க." நானும் ஆமாம் என்றேன். தடை இல்லை என்பது எதற்கெல்லாம் தடை இல்லை என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

ஆனி பாதி கழிந்திருக்கும். மலர்கொடி எனக்கு இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க மாவு. போன் அடித்தது, தங்கச்சிதான் என்று நான் சொன்னதும் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். நான் போட்டேன்.

"அக்கா, யாரும் பக்கத்துல இல்லையே?"

"சொல்லுடி."

"மறுவூட்டுக்கு வந்திருந்தேன். தோப்பு வூட்ட அப்பா எடுத்துக் கட்டியிருக்காருக்கா. வெள்ளையடிச்சு, கட்டில் போட்டு, உள்ளயே பாத்ரூம்."

"எதுக்காம்?"

"எனக்கென்ன தெரியும், கேட்டா பேச மாட்டேங்குறாரு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. தாழ்ப்பா வெளிப்பக்கம் வச்சிருக்காருக்கா. உள்பக்கம் ஒண்ணுமே இல்லை. சித்தப்பா கேக்குறாரு, புள்ளைய என்ன பண்றதுன்னு. அதுக்கு அப்பா சொல்றாரு, கெடு முடிஞ்சு மரத்துல இருக்கிறது உடையவனுக்குன்னு. அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

போன் அணைந்துவிட்டது. மலர்கொடி மாவுக் கையோடு அப்படியே நின்றாள். மரத்துக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்து சொன்னாள். அவர்கள் பக்கத்தில் முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு விட்டால் ஆனி கடைசியோடு கெடு முடியும். அதுவரை தோப்புக்குள் உடையவர் கால் வைத்தாலும் ஒரு கொட்டையைத் தொட மாட்டார். கெடு முடிந்த மறுநாள் காலை வேலியை அடைத்துவிடுவார். அதற்குப் பிறகு மரத்தில் தொங்குவதும் தரையில் கிடப்பதும் அவருக்குத்தான். அதை அவர் விற்கலாம், எரிக்கலாம், மண்ணில் போட்டு மூடலாம். கேட்க ஆளில்லை. பூ பிந்திப் பூத்த வருஷம் மட்டும், காய் விழும்வரை குத்தகைக்காரனுக்கு விட்டுவைப்பது வழக்கம்.

"ஆனி கடைசின்னு அவர் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா. அந்தத் தோப்புக்கு வருஷா வருஷம் குத்தகை எழுதினதே நான்தான். என்னையும் குத்தகைக்கு விட்டிருக்காரு. நான் என்னடான்னா விட்டுட்டாருன்னு நெனச்சிட்டேன்."

மறுநாளே அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வக்கீல் செந்தில்குமாரைப் பார்க்கப் போனேன். என் வீட்டு வரி விவகாரத்தைப் பார்த்துக்கொடுத்தவர். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது வீட்டு வாடகைப் பத்திரத்தைப் பாத்து எழுதினதும்மா. காலக்கெடு, காலி செய்றது, எல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டு பேரும் மேஜர். சேந்து வாழ காகிதமே தேவையில்லை. கெடு முடிஞ்சா காகிதம் முடியும், வாழ்க்கை முடியாது. பொறக்கப்போற பிள்ளைக்கும் உரிமை உண்டு. நாளைக்கே பதிவு பண்ணிக்கலாம், பயப்படாதீங்க."

"சட்டத்துக்கு அது தெரியும் சார். எங்கப்பாவுக்குத் தெரியணுமே," என்றாள் மலர்கொடி.

வக்கீல் சிரிப்பை நிறுத்தினார். பாதுகாப்பு கேட்டு மனு எழுதிக்கொடுத்தார், அதை ஸ்டேஷனில் கொடுத்து ரசீதும் வாங்கினோம். மணிவண்ணன் அன்றே வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாம் என்றான். நானும் அதையேதான் சொன்னேன். மலர்கொடிதான் அசையவில்லை.

"கெடுவுக்கு உள்ள ஊரை விட்டுப் போனாலும், தாலி கட்டினாலும், நான் எழுத்தை மீறினதாயிடும். அப்பறம் அவருக்குக் கைக்கட்டு கிடையாது. இப்ப சித்தப்பாவையும் மாமாவையும் பிடிச்சு வச்சிருக்கிறது அந்த ஒரு கையெழுத்துதான். ஆனி முடியட்டும். ஆடி ஒண்ணு காலையில பத்து மணிக்கு ஆபீஸ் தொறந்ததும் பதிவு பண்ணிடுவோம். பஸ் ஏறிடுவோம்."

பிடிவாதத்தில் அப்படியே அப்பன். ஆடியில் யாரும் கல்யாணம் பண்ண மாட்டார்கள், பதிவு ஆபீசில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று வக்கீலும் ஒத்துக்கொண்டார். சாட்சிக்கு நான். அந்தப் பதினைந்து நாளும் கேட்டில் ஒரு சத்தம் கேட்டால்கூட நான் எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் வரவில்லை. செல்லமுத்து ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அவர் வராமல் இருந்ததுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

ஆடி முதல் நாள். மணிவண்ணன் குளித்துவிட்டு, எட்டு மணிக்கே வக்கீலோடு பதிவு ஆபீசுக்குப் போய்விட்டான். காகிதங்களைச் சரிபார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகவும், நானும் மலர்கொடியும் ஆட்டோவில் வருவதாகவும் ஏற்பாடு. மாரியம்மன் கோவில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கார் வந்ததே எனக்குக் கேட்கவில்லை.

கேட்டைத் திறந்துகொண்டு செல்லமுத்து வந்தார். இரண்டு கையிலும் பெரிய தாம்பாளம். பழம், பூ, வெற்றிலை பாக்கு, மேலே மாம்பழக் கலரில் ஒரு பட்டுப்புடவை. பின்னால் காரில் இரண்டு ஆள்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆடிக்கு அழைக்க வந்தேன் தங்கச்சி," என்றார்.

எதிர்வீட்டு ஜெயசித்ரா கோலப்பொடிக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களாக்கா, என்ன இருந்தாலும் பெத்த மனசு. ஏழாம் மாசம் வேற. கூட்டிட்டுப் போயி நல்லபடியா பெத்து அனுப்பட்டும்" என்றாள். ஆடியில் பெண்ணை அழைக்க அப்பன் வருகிறான், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறாள். இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்? தெருவே சேர்ந்து அவளைக் காரில் ஏற்றிவிட்டுக் கையாட்டும். கெடு வைக்கும்போதே அந்த மனிதர் இதையும் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். அவர் மாடி ஏற, நான் பின்னாலேயே ஏறினேன்.

மலர்கொடி புடவை கட்டித் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் பூ கையிலேயே நின்றுவிட்டது.

"வாங்கப்பா."

"கிளம்பு பாப்பா. நேத்தோட முடிஞ்சுது."

"நான் வரலைப்பா."

"நான் பேசினபடி நடந்துக்கிட்டேனா இல்லையா? இத்தனை மாசம் உன் பக்கத்துல எவனாச்சும் வந்தானா? உன் சித்தப்பன் அருவாளைத் தூக்கிட்டு நின்னான். எழுத்து இருக்குடான்னு புடிச்சு உக்கார வச்சேன். அவன் என்னைக் காறித் துப்பினான். தொடச்சிக்கிட்டேன். ஊர்ல ஒரு நல்லது கெட்டதுக்கு என்னைக் கூப்பிடலை. பொறுத்துக்கிட்டேன். ஏன்? கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப முடிஞ்சுபோச்சு. உடையவன்கிட்ட வந்து சேர வேண்டியதுதான் முறை."

அவர் குரல் உயரவே இல்லை. கண் கலங்கியிருந்தது, அதுதான் எனக்கு இன்னும் பயம். "இது என் வீடு, அவள் விருப்பமில்லாமல் ஒரு அடி நகர்த்த முடியாது" என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "உங்க மேல மரியாதை வச்சிருக்கேன் தங்கச்சி. நடுவுல வராதீங்க."

மலர்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். பிறகு, பீஸ் கவுண்டரில் பேசுகிற குரலில் நிதானமாகச் சொன்னாள்.

"குத்தகைதானேப்பா? சரி, அப்படியே வச்சுக்குங்க. பூ எப்ப வச்சுது? மார்கழியில. பிந்திப் பூத்தா காய் விழுற வரைக்கும் விடணுமா இல்லையா? மழை பொய்ச்ச வருஷம் தோப்பைக் குத்தகைக்கு எடுத்த பழனிவேல் மாமா வந்து அழுதப்ப நீங்க விட்டீங்களா இல்லையா? அப்ப அந்தத் தாள்ல கெடுவை மாத்தி எழுதினது நான்தான்."

செல்லமுத்து அவளையே பார்த்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு தோப்புக்காரர் தன் தோப்பு வழக்கத்தைத் தனக்கு எதிராகவே எடைபோடுகிறதை நான் கண்ணால் பார்த்தேன்.

"நியாயம்தான்," என்றார் கடைசியில். "விட்டிருக்கேன். உனக்கு மட்டும் மாத்தினா அது தப்பு."

"அப்ப பொறக்குற வரைக்கும்."

"பொறக்குற வரைக்கும். ஆனா எழுத்துல இருக்கிறது எல்லாம் அப்படியே இருக்கணும். தாலி கூடாது, பதிவு கூடாது."

"சரிப்பா." அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பேச்சு பேச்சாதான் இருக்கணும், பாப்பா. உனக்கும் எனக்கும் நடுவுல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தண்ணி குடு."

அந்த மாடியில் அவர் தண்ணீர் கேட்டது அதுதான் முதல் தடவை. மலர்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சொம்பில் மொண்டு, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். புரட்டாசி, ஐப்பசி வரைக்கும் அவகாசம் கிடைத்துவிட்டது, அதற்குள் எங்கேயாவது போய்விடுவார்கள், பிழைத்தார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். அவளும் அதைத்தான் போட்டிருப்பாள்.

டம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"எந்த ஆஸ்பத்திரியில காட்டுற?"

சாதாரணமாகத்தான் கேட்டார். எந்த அப்பனும் கேட்கிற கேள்விதான். மலர்கொடியின் பார்வை என் மேல் வந்து விழுந்து, போயிற்று. பிள்ளை விழுகிற அன்றைக்கு அந்த வாசலில் இந்தக் கார் நிற்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது.

"கவர்ன்மெண்டு ஆஸ்பத்திரிலதாம்ப்பா," என்றாள்.

"அங்கதானா?"

"ஆமாப்பா."

அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். ஒரு சொட்டு குறையவில்லை.

"தேவயானி டாக்டரம்மாகிட்டதானே காட்டுற. நீ போற நாளெல்லாம் எதிர்த்தாப்புல டீக்கடையில நான் உக்காந்திருப்பேன். நீ படி ஏறுறதைப் பாத்துட்டுதான் பஸ் ஏறுவேன். பக்கத்துல வந்ததில்லை. எழுத்து இருந்துச்சு."

மலர்கொடி நிரம்பிய டம்ளரைப் பார்த்தாள்.

"அவனோட போறேங்கிறதைக்கூட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனவ நீ. நீ பொய் சொல்லி நான் கேட்டதில்லை, பாப்பா. நேத்து வரைக்கும் நான் மாறலை. இன்னைக்கும் மாறலை." எழுந்தார். சட்டைப் பையிலிருந்து அவருடைய ஒப்பந்தப் பிரதியை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். "நீ மாறிட்ட. இனிமே இது எதுக்கு?"

தாம்பாளத்தை எடுக்கவில்லை. என்னைக் கடந்து போகும்போது, "வரேன் தங்கச்சி, உங்க கையால மோர் குடிச்சிருக்கேன், உங்களுக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் முதுகு கூனியிருந்தது. அழுகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

நான் ஓடிப்போய்க் கேட்டை இழுத்துப் பூட்டினேன். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கிளம்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டேன். ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன், மணிவண்ணனிடம் சொன்னால் ஓடி வந்துவிடுவான், அவனிடம் சொல்லவில்லை, யார் வந்தாலும் திறக்காதீர்கள் என்றார். கொல்லைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். காரில் இருந்த ஆள்களில் ஒருவன் சந்தில் நின்று, போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். நான் செல்லமுத்துவுக்குக் காட்டிய அதே சந்து.

"என்னக்கா, பொண்ணு இன்னும் கிளம்பலையா?" ஜெயசித்ரா கேட்டுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டாள். "பாவம், அந்த மனுசன் வெயில்ல காத்துக்கிட்டே இருக்காரு. கேட்டை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க? தொறந்து விடுங்க."

மாடியில் போன் அடித்தது. நான் மேலே ஏறியபோது மலர்கொடி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மணிவண்ணன்தான். எல்லாம் ரெடி, கிளம்பிட்டீங்களா, இல்ல நானே வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போகவா என்று கேட்கிறானாம். வந்தால் காரைத் தாண்டித்தான் வர வேண்டும். வராவிட்டால் இந்தப் பூட்டைத் தவிர அவளுக்கு இங்கே யாரும் இல்லை.

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வான்னு சொல்லட்டுமாம்மா? வராதன்னு சொல்லட்டுமா?"

யாருக்கும் பதில் சொல்லத் தயங்காத எனக்கு அன்றைக்கு வாய் எழவில்லை. கீழே யாரோ கேட்டைப் பிடித்து ஒருதரம் அசைத்துப் பார்த்தார்கள்.